இடது முழங்காலின் முப்பத்துநான்கு நாட்கள்

என் வயதுக்காரர்கள் இதைப் படிக்கும்போது ஒரு நிமிஷம் நிறுத்தித் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே நிச்சயம் ஒரு வடு இருக்கும். அதைப் பார்த்ததும் விழுந்த இடம் நினைவுக்கு வராது. அதன்மேல் தடவிய மருந்துதான் நினைவுக்கு வரும். எனக்கு அப்படித்தான். இடது முழங்காலில், சற்று வெளிப்பக்கமாக, ஒன்றேகால் அங்குல நீளத்தில் வெளுத்த வடு ஒன்று இருக்கிறது. அளந்துதான் எழுதுகிறேன். இன்று காலையும் அளந்தேன்.

நான் அன்றாடம் குறிப்பு எழுதுகிறவள். இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. ஆனால் நான் எழுதத் தொடங்கியது பதினாலாம் வயதில். இது நடந்தது ஒன்பதாம் வயதில். ஆகவே இங்கே நாள் கணக்கு மட்டும் அப்பாவின் நோட்டுப் புத்தகத்தைச் சார்ந்தது. மற்றதெல்லாம் என் நினைவு. அதில் பிழை இருந்தால் பொறுப்பு என்னுடையது.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் குடியிருந்தோம். இரண்டாம் யுத்தம் தொடங்கவில்லை. அப்பா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. அம்மா பிரசவத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தகம் போயிருந்தாள். வீட்டில் அப்பாவும் நானும் அப்பாவின் அக்காவும் மட்டும். எனக்கு அத்தை. அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இளம் வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். சமையலறை அவள் ராஜ்யம். அங்கே மடியில்லாமல் ஒரு கரண்டி நகராது. குளித்து, நனைத்துக் காயவைத்த புடவையைக் கட்டிக்கொண்டு அவள் உள்ளே போனால், அதற்குமேல் குளிக்காத எதுவும், யாரும், அவளைத் தொடக்கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்துப் படியில் நாங்கள் நாலைந்து பெண்கள் இரண்டு படி, மூன்று படி என்று தாண்டி விளையாடினோம். நாலு படி தாண்டுவேன் என்று பந்தயம் சொன்னது நான்தான். மூன்றை முழுசாகத் தாண்டினேன். நாலாவதில் பாசி இருந்தது.

முழங்காலைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா கோபிக்கவில்லை, அடிக்கவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. முன்னறை அலமாரியில் மேல் தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார்.

அந்தக் குப்பி இப்போது எங்கும் கிடைக்காது. பழுப்புக் கண்ணாடி, ஆறு பட்டை, இருட்டில் கை தவறி எடுத்தாலும் இது விஷமருந்து என்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பட்டைகளில் சொரசொரவென்று வரி. உள்ளே டிங்க்சர் அயோடின். சாலைக் கடைத்தெருவில் இங்கிலீஷ் மருந்துக் கடையில் வாங்கியது. அதன் கண்ணாடி மூடி என்றோ உடைந்துபோய், அப்பா ஒரு தக்கை செருகியிருந்தார். அயோடின் தக்கையை அரித்துக் கறுப்பாக்கியிருந்தது. அப்பா ஒவ்வொரு தடவையும் தக்கையைத்தான் முகர்ந்து பார்ப்பார். காரம் மூக்கில் ஏறினால் மருந்தில் வீரியம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, குப்பிக்குள் விட்டு எடுத்து, புண்ணின்மேல் ஒரு இழுப்பு.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாமி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"கத்து, நன்னாக் கத்து. எரிஞ்சாத்தான் கிருமி சாகறதுன்னு அர்த்தம்" என்றார் அப்பா.

எரிச்சல் அடங்கியதும், "வாயைத் திற" என்றார். திறந்தேன். "இன்னும் பெரிசா." காக்கைக் குஞ்சு மாதிரி திறந்தேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, மூடு" என்றார். முழங்கால் காயத்துக்கு வாயை ஏன் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று முதல் தினமும் மருந்து முடிந்ததும் வாய் திறப்பது வழக்கமாயிற்று.

பசி எடுத்தது. சமையலறைக்குப் போனேன். நிலைப்படியிலேயே அத்தையின் குரல் நிறுத்தியது.

"அங்கேயே நில்லு. அந்தக் குப்பியிலே என்ன இருக்குன்னு தெரியுமோ உனக்கு? சாராயமாக்கும்."

டிங்க்சரில் ஸ்பிரிட் கலந்திருக்கிறது என்பதை அவளுக்குச் சொன்னவர் அப்பாதான். மருந்தின் பெருமையை விளக்கும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"மருந்துக்குத் தோஷம் கிடையாது அக்கா" என்றார் அப்பா முன்னறையிலிருந்து.

"மருந்துக்கு இல்லாம இருக்கலாம்டா. என் அடுப்புக்கு உண்டு. கிணத்தடிக்குப் போய்க் குளிச்சுட்டு வரட்டும்."

"அப்படின்னா முன்னறையிலேயே இலை போட்டுடேன்."

"கொழந்தையைத் தீட்டுக்காரி மாதிரி தள்ளி உக்காத்திச் சோறு போடவா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். குளிச்சுட்டு என் பக்கத்திலே உக்காந்து சாப்பிடட்டும்."

இருவரும் என்மேல் வைத்த பிரியத்தில் குறை சொல்ல இடமில்லை. அந்தப் பிரியம்தான் என் முழங்காலை மூன்று வாரம் தின்றது.

அது எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு அப்பா மருந்து போடுவார். சாராயம் பட்டதால் நான் கிணற்றடியில் குளிப்பேன். முழங்கால் ஈரமாக இருப்பதைப் பார்த்து, மருந்து கழுவிப் போய்விட்டதே என்று அப்பா மறுபடி போடுவார். அவர் கச்சேரிக்குக் கிளம்பியதும் அத்தை மறுபடி குளிக்க வைத்துச் சோறு போடுவாள். ஈரப் பின்னலோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். சாயங்காலம் அப்பா வந்து போடுவார். ராத்திரிச் சாப்பாட்டுக்காகக் குளிப்பேன். படுக்கப் போகும்போது அடுப்பங்கரையில் வேலை இல்லையாகையால் அப்பா கடைசியாக ஒரு தடவை போட்டு, அன்றைய கணக்கை முடிப்பார். ஆக நாளுக்கு நாலு மருந்து, மூன்று குளியல். இருபத்தோரு நாளில் எண்பத்துநாலு மருந்து, அறுபத்துமூன்று குளியல். அந்த மாதம் எங்கள் தெருவிலேயே மிகச் சுத்தமான பெண் நான்தான்.

புண் ஆறவில்லை. ஓரத்தில் ரோஜா நிறத்தில், வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லியதாக ஒரு தோல் காலையில் தலைகாட்டும். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஈர்க்குச்சி வரும். தோல் பழுப்பாகிச் சுருங்கும். குளிக்கும்போது உரிந்து போகும். அடுத்த நாள் மறுபடி வரும். அதற்கும் பிடிவாதம், அப்பாவுக்கும் பிடிவாதம்.

அப்பாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் கோடு போட்டுக் கொடுத்தது நான். நாளுக்கு ஒரு வரி. தேதி, காயத்தின் நீளம், மருந்து, கத்தல் என்று நாலு கட்டம். கத்தல் கட்டத்தில் 'பலமாக', 'மிதமாக' என்று எழுதுவார். நீளத்தைக் கச்சேரி அடிக்கோலால் அளப்பார். ஏழாம் நாளும் ஒன்றேகால். பதினாலாம் நாளும் ஒன்றேகால். இருபத்தோராம் நாள் ஒன்றரை. அன்று அவர் அடிக்கோலைத் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை அளந்தார்.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார். சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடைகளுக்கு நடுவே ஒரு மாடியறையில் அவர் உட்கார்ந்திருப்பார். மலையாளி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் காலைப் பார்த்தார்.

"எந்து பற்றி, மோளே?"

"படியிலே விழுந்துட்டேன்."

"நேற்றா?"

"இருபத்திரண்டு நாளாச்சு" என்றார் அப்பா.

டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். "எந்தா சாமீ மருந்து?"

"டிங்க்சர் அயோடின்."

"எத்தனை தடவை?"

"தினம் காலம்பற ஆறு மணிக்கு ஒரு தடவை."

என் அப்பா பொய் சொல்லாதவர். அன்றும் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தில் நாளுக்கு ஒரு வரிதான் இருந்தது. மற்ற மூன்றும் அவர் கணக்கில் மருந்தே அல்ல. குளித்ததால் போனதைத் திரும்ப வைத்தது. நானோ பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். இப்படி, உண்மை பேசுகிற ஒருவரும் மரியாதை தெரிந்த ஒருத்தியும் சேர்ந்து அந்த டாக்டரைத் தவறான வழியில் அனுப்பினோம்.

"ஒரு தடவைன்னா தப்பில்லை. இரண்டு ஆழ்ச்ச நோக்காம்" என்றார் டாக்டர். இரண்டு வாரம் பார்க்கலாம் என்று அர்த்தம். "அதுக்குள்ள புண் உணங்கி ஆறல்லேன்னா, கெட்ட சதையை ஸ்பூன் வெச்சுச் சுரண்டி எடுக்கணும். சாமி பேடிக்கண்டா, சின்ன காரியம்."

பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னது அப்பாவிடம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. டாக்டரின் ஸ்பூன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டுத் தேங்காய்த் துருவியும், பால் பாத்திரத்தில் அடிப்பிடித்ததைச் சுரண்டுகிற இரும்புக் கரண்டியும்தான். வழிநெடுக அந்தக் கரண்டியையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தையிடம் ஓடி, நிலைப்படியில் நின்று, "கரண்டியாலே சுரண்டப் போறாளாம் அத்தை" என்று அழுதேன்.

அத்தை முன்னறை வரைக்கும் வந்துவிட்டாள். மடிப்புடவையோடு அவள் அங்கே வருவது வழக்கமில்லை.

"ஏண்டா, இந்தக் குப்பியைத் தூக்கிப் போடேன். நாலு நாள் சும்மா விட்டுப் பாரேன்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்க்காமல், "சும்மா விட்டு ஒருத்தனைப் பார்த்தாச்சே அக்கா. மஞ்சளும் வெண்ணெயும் வெச்சுப் பார்த்தாச்சே" என்றார்.

அத்தை வந்த வழியே திரும்பிப் போனாள்.

மறுநாள் விடிகாலையில், அப்பா எழுந்திருக்கும் முன், அத்தை என்னை எழுப்பினாள். "சத்தம் போடாதே. அந்தக் குப்பியை எடுத்துண்டு கொல்லைக்கு வா" என்றாள். வாழை மரத்தடியில் என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டாள்.

"ஊத்து."

"எல்லாத்தையுமா?"

"சொட்டு விடாம. மூஞ்சியைத் திருப்பிக்கோ."

ஊற்றினேன். அந்த வாழை அந்த வருஷம் குலை தள்ளவில்லை என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன்.

"இப்ப ஜலம் விட்டுக் குலுக்கிக் கொட்டு. ஏழு தடவை. எண்ணிண்டே பண்ணு. தக்கையை மட்டும் கழுவாதே, கேட்டியா? அது அப்படியே நாறட்டும்."

ஏழு தடவை முடிந்ததும் அவள் புடவைத் தலைப்பால் பிடித்திருந்த ஒரு சின்னப் பித்தளைப் பாத்திரத்தை உயரத் தூக்கி, குப்பியைத் தொடாமல், நூல் பிடித்த மாதிரி ஊற்றினாள். கறுப்பும் பழுப்புமாக இருந்தது. வாசனை எனக்குத் தெரிந்த வாசனை.

"அத்தை, இது காப்பி டிகாக்ஷன்!"

"மெள்ளப் பேசு. கொதிச்சது, வடிகட்டினது, மடியிலே போட்டது. இதைக் காட்டிலும் சுத்தமா எந்தக் கடையிலேடீ மருந்து விக்கறான்? இனிமே நீ குளிக்கவும் வேண்டாம். ஆனா ஒண்ணு. அவன் தடவறச்சே நீ கத்தணும். கத்தலைன்னா புதுக் குப்பி வந்துடும்."

"அப்பாகிட்ட சொல்லிடலாமே அத்தை."

அத்தை பாத்திரத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை உதறினாள். "உனக்கு ஒரு சித்தப்பா இருந்தான், தெரியுமோ? உன் அப்பனுக்குத் தம்பி. பதினோரு வயசு. கால்லே துருப்பிடிச்ச ஆணி குத்தித்து. நான்தான் மஞ்சள் அரைச்சு வெச்சேன். ஒன்பதாம் நாள் சோறு ஊட்டப் போனா, பல்லு கிட்டிப் போச்சு. வாயைத் திறக்க முடியலை. அப்புறம் திறக்கவேயில்லை." காலிப் பாத்திரத்தை இன்னொரு தடவை உதறினாள். "அதனாலே உன் அப்பன்கிட்ட இதைப் பத்திப் பேச எனக்கு வாய் கிடையாது. நீ போ. குப்பியைத் துடைச்சு வை."

அன்றுதான் தினமும் நான் எதற்காக வாய் திறக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

ஆறு மணிக்கு அப்பா தக்கையை முகர்ந்தார். மூக்கைச் சுளித்தார், திருப்தி. ஈர்க்குச்சியால் ஒரு இழுப்பு. வெதுவெதுவென்று சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் கத்த வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். அப்பாவின் கை நின்றது. குப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சமையலறையில் ஒரு கரண்டி தடாலென்று தரையில் விழுந்தது.

"ஐயோ அப்பா!" என்று அலறினேன்.

"இப்ப ஏன் கத்தறே?"

"இப்பத்தான் எரியறது."

அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கத்தல் கட்டத்தில் 'தாமதமாக' என்று எழுதினார். பிறகு என் காலைக் கூர்ந்து பார்த்து, "நிறம் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்றார்.

"மூணு வாரமாத் தடவித் தடவித் தோலே கறுத்துக் கிடக்கு. அதிலே நிறம் எங்கேடா தெரியும்?" என்றது சமையலறை.

அது நியாயமாக இருந்ததால் அப்பா ஒப்புக்கொண்டார். நான் அன்று வாயை இரண்டு மடங்கு அகலமாகத் திறந்தேன். தாடை வலித்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "போதும், போதும்" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

குளிக்காமலேயே நான் சமையலறைக்குள் போனதையும், அத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் இலை போட்டதையும் அப்பா கவனித்தார். அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது.

"இப்பவாவது புரிஞ்சுதா அக்கா, மருந்துக்குத் தோஷம் இல்லேன்னு?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது."

வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா தன் பேச்சை ஏற்றுக்கொண்டாள் என்று அப்பா அந்த வாரம் முழுவதும் குஷியாக இருந்தார். ஒரு குளியல் முடிந்ததும் ஒரு மருந்து என்ற சங்கிலியும் அத்துடன் அறுந்தது. ஈரம் இல்லாததால் அவருக்கு மறுபடி போட வேண்டிய அவசியமே வரவில்லை. காலையில் ஒரு தடவைதான். டாக்டரிடம் அவர் சொன்னது ஒரு நாள் பிந்தி உண்மையாயிற்று.

தினமும் விடிகாலையில் பழைய டிகாக்ஷனைக் கொட்டிப் புதிது ஊற்றுவது எங்கள் வேலை. என் கத்தலும் தேறியது. நாலாம் நாள் அழுகையும் சேர்த்துக்கொண்டேன். ஆறாம் நாள் கையால் தரையை அடித்தேன். அன்று அத்தை மெதுவாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் கொறைச்சுக்கோடீ. எதிர்வீட்டு மாமி போலீசைக் கூப்பிட்டுடுவா" என்றாள்.

ரோஜா நிறத் தோல் மறுபடி தலைகாட்டியது. இந்தத் தடவை யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நாளுக்கு ஒரு நெல்லகலம் நகர்ந்தது. மேலே பொருக்குக் கட்டியது. முப்பத்துநாலாம் நாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பில், பொருக்குத் தானாக உதிர்ந்தது. அதைக் கடுதாசியில் மடித்து எடுத்துவந்தேன். அப்பா நீளத்தை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

முப்பத்தாறாம் நாள் டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து, "பலே! எந்து செய்து சாமீ?" என்றார்.

"அதே டிங்க்சர்தான். விடாம" என்றார் அப்பா.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியில் எனக்கு நேந்திரங்காய் வறுவல் வாங்கிக் கொடுத்தார். வடு உறுதிப்பட இன்னும் பதினைந்து நாள் மருந்தை நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, 'ஆறியது' என்று எழுதி, அதன் கீழே சிவப்புக் கோடு போட விரும்பினார். சிவப்புப் பென்சில் மொட்டையாக இருந்தது. பேனாக்கத்தியால் சீவினார். சந்தோஷத்தில் கை வழுக்கி, கத்தி இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

"அந்தக் குப்பியை எடு" என்றார்.

நான் நகரவில்லை. அவரே எழுந்து எடுத்தார். சமையலறை வாசலில் அத்தை வந்து நின்றாள். அப்பா தக்கையை முகர்ந்தார். ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றினார். சாய்வுமேசையில் இடது கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்து, விரலில் ஒரு இழுப்பு இழுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தார். இன்னொரு இழுப்பு இழுத்தார். பிறகு, தக்கையை அல்ல, குப்பியின் வாயை முகர்ந்தார்.

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"பதினாலு" என்றேன் நான்.

அவர் என்னை அருகே கூப்பிட்டார். முதுகில் ஒன்று விழப் போகிறது என்று தயாரானேன். அவர் என் தாடையைக் கையில் பிடித்து, "வாயைத் திற" என்றார். முடிந்த மட்டும் திறந்தேன். இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார். விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். "மூடு. திற. மூடு" என்றார். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அத்தை அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல்தான்.

அப்பா குப்பியை விளக்குக்கு நேரே பிடித்து ஆட்டினார். "அக்கா, இது முதல் டிகாக்ஷனா, ரெண்டாவதா?"

அத்தை தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டாவதுதாண்டா. முதல் டிகாக்ஷனை நீ குடிச்சுட்டே."

"அப்ப சரி" என்றார் அப்பா.

நோட்டுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கடைசிவரை விழவில்லை. என் வரிகளில் அவர் எதையும் அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. புதுக் குப்பி வாங்கவும் இல்லை. அந்தக் குப்பி பின்னால் வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் தூக்கம் கலைந்து எழுந்து வந்தேன். அப்பா முன்னறையில் இருந்தார். அத்தை வைத்திருந்த புது டிகாக்ஷனில் ஈர்க்குச்சியைத் தோய்த்து, கட்டைவிரலில் ஒழுங்காக ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த க்ஷவரக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முடிந்த மட்டும் அகலமாக வாயைத் திறந்தார்.